எழினிக்குப் பின்னால்

பூவிருந்தவல்லியை அடுத்த எம் சிற்றூரிலே திரௌபதியம்மன் விழாக்காலத்தில் தெருக்கூத்து நிகழும். சிறு பிராயத்தில் ஒருமுறை கூத்துக் காணச் சென்ற யான், கூட்டத்தில் இடம் பெறாமையால், ஒப்பனைக் கொட்டகையின் ஓலை இடைவெளியில் நின்று உள்ளே நோக்கினேன். பாதி முகத்திற்கு மட்டும் அரிதாரம் பூசிய துரியோதனனார் தம் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி புகைத்திருந்தார். பாஞ்சாலி வேடம் புனைந்த ஆடவர் கணுக்காலைப் பிசைந்துகொண்டிருந்தார். அன்றிரவு அரங்கில் நிகழ்ந்தவற்றுள் ஒன்றும் இப்போது நினைவில் இல்லை. கொட்டகைக்குள் கண்டது மட்டும் மறையவில்லை. சென்ற ஆண்டு நம் கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு வண்ணப்படத்தைக் கண்டபோது அவ்வோலை இடைவெளியே மீண்டும் என் கண்முன் தோன்றிற்று.

அப்படம் எட்கார் தெகா என்னும் பிரெஞ்சு ஓவியர் ஏறத்தாழ 1876-இல் இயற்றிய 'விண்மீன்' என்பது. பாலே என்னும் மேனாட்டு ஆடலில் தலைமை பெற்ற நங்கையை அந்நாட்டார் விண்மீன் என்று வழங்குவர். தெகா 1834-இல் பாரிஸ் நகரிற் பிறந்து 1917-இல் மறைந்தவர். இம்பிரஷனிஸ்டுகள் எனப்பட்ட ஓவியர் 1874 முதல் 1886 வரை நடத்திய எட்டுக் கண்காட்சிகளுள் ஏழில் இவர் கலந்துகொண்டார். எனினும் அப்பெயரை இவர் விரும்பினாரல்லர். ஏனையோர் வயலிலும் ஆற்றங்கரையிலும் ஞாயிற்றின் ஒளியைத் தேடிச் செல்ல, இவரோ விளக்கொளியைத் தேடி ஆடலரங்கினுள் புகுந்தார்.

படத்தைச் சற்று ஊன்றி நோக்குவோம். நாம் மேன்மாடத்தில் அமர்ந்து கீழே காண்பதுபோல் அது வரையப்பட்டுள்ளது. வெண்ணிற உடையினள் ஒருத்தி கைகளை விரித்து, தலையைப் பின்னே சாய்த்து, ஒற்றைக் காலில் நிற்கின்றாள். மேடையின் அடிவிளிம்பில் எரியும் விளக்குகளின் ஒளி அவள் முகத்திற் கீழிருந்து மேலாகப் படுகின்றது. அவளைச் சுற்றி மேடையின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கின்றது. கண் மெல்லப் பின்னே செல்லுமாயின், காட்சித் தட்டிகளின் இடையே தம் முறைக்குக் காத்திருக்கும் மகளிர் சிலர் தோன்றுவர். அவர் அருகே கரிய உடை தரித்த ஆடவன் ஒருவன் நிற்கின்றான். அவன் முகம் தட்டியால் மறைக்கப்பட்டுள்ளது.

இவ்வோவியம் ஆக்கப்பட்ட முறையும் அறியத்தக்கது. உலோகத் தகட்டின்மேல் மையினால் உருவெழுதி, ஈரம் உலருமுன் தாளை அதன்மேல் வைத்து அழுத்தி எடுப்பர். ஒரு தகட்டிற்குப் பெரும்பாலும் நல்ல படி ஒன்றே கிடைக்கும். அவ்வாறு பெற்ற கரும்படியின்மேல் தெகா வண்ணக் கோல்களால் தீட்டினார். ஆதலின் ஒளிரும் உடையின் அடியிலும் இருள் உறைந்திருக்கின்றது. 1877-இல் காட்சிக்கு வைக்கப்பட்ட இப்படம் இப்போது பாரிஸில் உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

இனி அக்கரிய உடையினன் யாவன்? பாரிஸ் ஆடலரங்கிற்குப் பருவந்தோறும் பெருந்தொகை செலுத்திய செல்வர், திரைக்குப் பின்னே சென்று ஆடல் மகளிருடன் அளவளாவும் உரிமை பெற்றிருந்தனர். அங்குப் பயின்ற சிறுமியரோ பெரும்பாலும் ஏழைக் குடியினர். எட்டு அல்லது ஒன்பது வயதிலேயே பள்ளியிற் சேர்ந்து, சிறு கூலி பெற்று, நாள்தோறும் கால் நோவ உழைத்தனர். செல்வன் ஒருவனது ஆதரவு வறுமையினின்று ஏறும் படியாகவும் அமைந்தது. வீழும் குழியாகவும் அமைந்தது. தெகா அவனைக் கடிந்து யாதும் எழுதிற்றிலர். அவன் நிற்குமிடத்தில் அவனை நிறுத்திவைத்தார், அவ்வளவே.

தமிழ் கற்கும் நமக்கு இஃது முற்றும் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதிற் சோழமன்னன் முன் ஆடுகின்றாள். அரங்கின் அளவும், மூவகை எழினியும் ஆங்கே நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. பரிசிலாகப் பெற்ற மாலையைக் கூனி நகர வீதியில் விலைகூறி நிற்க, 1008 கழஞ்சு பொன் விலையுள்ள அதனைக் கோவலன் வாங்கி மாதவியின் மனைபுகுகின்றான். இப்பகுதியை வகுப்பிற் படித்தபோது அரங்கின் அளவுகளையே தேர்வுக்காக உருப்போட்டேன். தெகாவின் படத்தைக் கண்ட பின்னரே, அம்மாலையை வாங்க வந்த கை என் கண்ணிற் பட்டது.

மற்றொரு செய்தியும் உண்டு. தெகா தூரிகை எடுப்பதற்கு முன்பே தமிழ்நாட்டு ஆடல் மகளிர் பாரிஸ் நகரில் ஆடினர். கடலூரை அடுத்த திருவந்திபுரத்துக் கோயிலைச் சார்ந்த மகளிர் ஐவரும் இசைவாணர் மூவரும், பிரெஞ்சு வணிகர் ஒருவரோடு ஒப்பந்தம் செய்து 1838-இல் புதுச்சேரியினின்று கப்பலேறிச் சென்றனர். அவருள் அம்மணி என்பவருக்குப் பதினெட்டு வயது. எம் வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடிய வயது. ஆகஸ்டு மாதத்தில் பாரிஸின் வரியேத்தே அரங்கிலும், அக்டோபரில் லண்டன் அதெல்பி அரங்கிலும் அவர்கள் ஆடினர். தியோபில் கொத்தியே என்னும் கவிஞர், மேடையேறு முன்னரே அவர்கள் தங்கியிருந்த இல்லம் சென்று கண்டு, வியந்து எழுதினார். அப்பாரிஸிலேயே எட்டாண்டுகட்கு முன் கோயில் ஆடல்மகள் ஒருத்தியைத் தலைவியாக வைத்த இசைநாடகம் ஒன்று அரங்கேறியிருந்தது. அதில் அவ்வேடம் புனைந்தவர் மேனாட்டு நங்கையே. மெய்யான ஆடல்மகள் வந்து நின்றபோது, அவர் கற்பனைக்கு ஒத்தவரா என்பதே பலர்க்கு வினாவாயிற்று.

பார் என்னும் சிற்பி அவ்வாண்டிலேயே அம்மணியை ஆடற்கோலத்தில் சிறு சிலையாக வடித்தார். புகழ்பெற்ற தாலியோனி, எல்ஸ்லர் ஆகிய ஐரோப்பிய ஆடல் நங்கையர்க்கும் முந்திய ஆண்டில் சிலை வடித்தவர் அவரே. ஆதலின் அம்மணி அவர்களோடு ஒருநிரையில் வைக்கப்பட்டார் என்று நாம் மகிழலாம். ஆயினும் ஆட்டம் முடிந்தபின் சலங்கையை அவிழ்த்துவைத்து, கணுக்காலைப் பிசைந்துகொண்டு, தம் ஊர் மொழியிற் பேசி அமர்ந்திருக்கும் அம்மணியைக் காண அந்நகருக்குத் தெகாவின் கண் வேண்டியிருந்தது. அவருக்கோ அப்போது வயது நான்கு.