டை அடிக்க ஒரு டைம் டேபிள்

இருபது வயசுலயே இளநரையா? கேம்பஸ் இன்டர்வியூ வேற வருதா? டை பாக்கெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுடுவோம்.

முடி மாசத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். பெர்மனன்ட் டையில் உள்ள அம்மோனியா முடியின் மேல்செதிலைத் திறந்துவிடும். நிறம் உள்ளே போய் உருவாகும். கழுவினாலும் சுலபத்தில் போகாது. அதனால் வெள்ளையாகத் தெரிவது புதுசா வளர்ந்த வேர்ப்பகுதிதான். 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை அங்க மட்டும் அடிச்சா போதும். ஒவ்வொரு தடவையும் நுனிவரை பூசினா முடி வறண்டு உடையும்.

இதைவிட முக்கியம்: பெரும்பாலான கருப்பு டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கு. சிலருக்கு அது அலர்ஜி, முகமே வீங்கிடும். கருப்பு மெஹந்தி பாக்கெட்டுகள் பலவற்றிலும் அது உண்டு. 'போன தடவை ஒண்ணும் ஆகலையே'ன்னு நம்பாதீங்க. அலர்ஜி எந்தத் தடவையும் ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரம் முன்னாடி, பாக்கெட்டில் சொன்னபடி துளி தடவிப் பாருங்க.

ஆக, திங்கட்கிழமை இன்டர்வியூன்னா புதன்கிழமை டெஸ்ட், வெள்ளிக்கிழமை டை. ஞாயிறு ராத்திரி அவசரம் வேண்டவே வேண்டாம். டெஸ்ட்ல அரிப்பு வந்தா? டையைத் தூக்கிப் போட்டுட்டு நரையோடயே போங்க. வீங்கின கண்ணோட உட்காருறதுக்கு அது எவ்வளவோ மேல்!