அயர்லாந்தில் எரிந்த ஆவணம்... ஆஸ்திரேலியாவில் கிடைக்கும் வேர்!

ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட அயர்லாந்துக் கைதி உங்கள் மூதாதையரா? அவரது சொந்த ஊரைக் கண்டுபிடிக்கணும்னா, தேடலை ஆஸ்திரேலியாவில் தொடங்குவதே நல்லது. ஏன்?

1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. 1836-க்கு முந்தைய நாடு கடத்தல் பதிவேடுகளும், 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும் சாம்பலாகின.

ஆனால், சிட்னியில் இறங்கிய கைதிகளின் கப்பல் பட்டியல்கள் தப்பின. 1820-களின் பிற்பகுதியிலிருந்து அவற்றில் பிறந்த ஊர், மதம், தொழில், அங்க அடையாளம்கூட உண்டு. உஷார்: தீர்ப்பு வந்த மாவட்டமே சொந்த மாவட்டம்னு முடிவுகட்டக் கூடாது.

அடுத்து, அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் இலவச ஆன்லைன் பட்டியல். கருணை கேட்டு அனுப்பிய மனுக்களின் விவரமும் அதில் கிடைக்கும்.

முரண் என்னன்னா, ஊரிலேயே ஒழுங்காக வாழ்ந்த அண்ணன் தம்பிகளின் பெயர் பல குடும்பங்களில் தீயோடு போனது. தண்டனை பெற்றவர் பெயர்தான் தங்கியது.