உணரியின் பிழையா, இணைப்பின் பிழையா?

ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு சிலிண்டர் எஞ்சின்களைக் கடல் பயன்பாட்டுக்கு ஏற்ப மாற்றி, மெர்க்ரூசர், வோல்வோ பென்டா போன்ற நிறுவனங்கள் 1990-களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் விற்ற விசைப்படகு எஞ்சின்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2010-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்க மாசுக்கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகி, வெளியேறும் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணரி வழக்கத்துக்கு வரும்வரை, இவ்வகை எஞ்சின்களின் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்ள வழியில்லை. உள்ளிழுகுழாயின் அழுத்தம், குளிர்விக்கும் நீரின் வெப்பநிலை, த்ராட்டிலின் திறப்பு ஆகியவற்றைப் பற்றி உணரிகள், அதாவது சென்சார்கள், சொல்வதை அப்படியே நம்பித்தான் அது பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது.

வெப்பநிலை உணரிக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு குறைகடத்தித் துண்டு. இவ்வெஞ்சின்களில் பரவலாக உள்ள வகை 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 2,800 ஓம், 60 டிகிரியில் 670 ஓம், 80 டிகிரியில் 330 ஓம் காட்டும். உப்பு ஈரத்தால் கனெக்டரின் முனைகளில் களிம்பேறி, 340 ஓம் கூடுதல் தடை உண்டாகிவிட்டதாகக் கொள்வோம். குளிர்ந்த எஞ்சினில் 2,800 என்பது 3,140 ஆவதால் கணினி இரண்டு மூன்று டிகிரி குறைவாக அறியும், அவ்வளவே. எஞ்சின் 80 டிகிரியை எட்டியபின்னோ அதே களிம்பு 330 ஓமை 670 ஆக்கிவிட, கணினி 60 டிகிரிதான் என்று கொண்டு தேவைக்கு மேல் பெட்ரோலைச் செலுத்தும். ஸ்பார்க் பிளக்குகள் கரிபிடிக்கும். 60 டிகிரி நம்பத்தக்க அளவே என்பதால் பிழைக்குறி எதுவும் பதிவாகாது. ஓட்டுநர் முன்னுள்ள வெப்பமானி பெரும்பாலும் வேறோர் உணரியோடு இணைந்திருப்பதால் அதுவும் சரியாகவே காட்டும்.

இந்நிலையில் உணரியை மாற்றினால் கோளாறு பலமுறை தீர்ந்துவிடுகிறது. கனெக்டரைக் கழற்றி மாட்டும்போது முனைகள் உரசிக் களிம்பு விலகியதே உண்மைக் காரணமாயினும் பாராட்டு புதிய உணரிக்குப் போகிறது, சில வாரங்களில் கோளாறும் திரும்புகிறது. ஆகவே மின்தடையை உணரியின் முனையில் மட்டுமன்றி, எஞ்சின் சூடாக இருக்கையில் கணினி இணைப்பைக் கழற்றி அதன் கம்பி முனையிலும் அளந்து இரண்டையும் ஒப்பிடுவதே முறை.

அழுத்த உணரிக்கு ஓடாத எஞ்சினே நல்ல அளவுகோல். சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் விட்டால், உள்ளிழுகுழாயில் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே என்பதால், கடல்மட்டத்தில் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதிலிருந்து வெகுவாக விலகினால் ஐயத்துக்கு இடமுண்டு.

பல உணரிகள் ஒன்றாகப் பிழை காட்டுவது வேறு வகை. அழுத்த உணரிக்கும் த்ராட்டில் உணரிக்கும் கணினி தரும் 5 வோல்ட் பெரும்பாலும் பொதுவான வழியில் செல்வதால், ஒன்று உள்ளே குறுக்கிணைந்தாலும் மற்றதன் அளவீடும் கெடும். மல்டிமீட்டரை அந்த 5 வோல்ட் கம்பியில் வைத்து உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எதைக் கழற்றியதும் மின்னழுத்தம் மீள்கிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் மீளாவிடில், தேட வேண்டியது எஞ்சினைச் சுற்றிச் செல்லும் கம்பிக்கட்டிலும் அதன்பின் கணினியிலும்.