துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

எங்கள் தெரு ஆச்சி ஒருவர் பேரனின் டிக்கெட்டை செல்போனில் காட்டிக் கேட்டார்: "காலையில பத்து மணிக்குத் திருவனந்தபுரத்துல ஏறுதான், பன்னெண்டே முக்காலுக்கு துபாய்ல எறங்கிருதானாம். ரெண்டே முக்கா மணி நேரந்தானாய்யா?" ஆழ்வார்திருநகரியில் இருந்து திருவனந்தபுரம் போய்ச் சேரவே காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆச்சிக்குச் சந்தேகம் வந்தது நியாயம்தான்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் இரண்டும் ஒரே கடிகாரத்தில் பார்த்தவை அல்ல. ஏறும் நேரம் ஏறுகிற ஊர்க் கணக்கு, இறங்கும் நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே 12.45 என்றால் இங்கே பிற்பகல் 2.15. ஆக, பயணம் நாலேகால் மணி நேரம்.

சிங்கப்பூர் டிக்கெட் இதற்கு நேர் எதிர். அந்த ஊர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறுகிறவர் அங்கே காலை 5.45 வாக்கில் இறங்குவார். பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம்; பறப்பது அதே நாலேகால்தான். திருவனந்தபுரம்-துபாய், சென்னை-சிங்கப்பூர் இரண்டுமே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர்.

இந்தத் தூரம் பூமி உருண்டையின் மேல் அளந்தது. ஒரு பூசணிக்காயில் இரண்டு புள்ளி வைத்து, நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். விமானம் மேலே மணிக்கு 850 கிலோமீட்டர் போல ஓடும். தூரத்தை அதால் வகுத்து, ஓடுபாதைக்கு நகர, ஏற, இறங்க என்று அரை மணிக்கு மேல் கூட்டிக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

மிச்சம் காற்றின் கையில். ஆனி, ஆடியில் நம் தலைக்கு மேல் மேற்கிலிருந்து காற்று அடிக்கிறது அல்லவா? அதே மாதங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில், தென்னிந்திய வானில், கிழக்கிலிருந்து மேற்கே பெருங்காற்று ஓடுகிறது. 1950களில் இதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். குளிர்காலத்தில் வடக்கே காற்று திசை மாறி, மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் பத்து இருபது நிமிடம் முன்னதாகவே இறங்குவதுண்டு.

நமக்குப் பக்கத்தில் இருப்பது வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையம். 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலையில் புதிய முனையமும் திறந்தார்கள். அங்கிருந்தே ஒரு வளைகுடா விமானம் கிளம்பினால் எத்தனை வீடுகளின் ராத்தூக்கம் மிஞ்சும்! இப்போதைக்கு ஆச்சியின் பேரன் திருவனந்தபுரம்தான் போக வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாக, ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால், இங்கே ராத்திரி இரண்டரைக்கே கார் கிளம்பியாக வேண்டும்.

ஆச்சியிடம் இன்னொன்றும் சொன்னேன். இறங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி, பெட்டியை எடுத்துவர நம்மூர் நேரம் மூன்றரை ஆகிவிடும். அதற்கு முன் போன் வரவில்லை என்று பதற வேண்டாம்.