கருவி பேசினால் போதுமா?

தோட்டத்தில் வேலை செய்யும் தாய்மார்கள் பலருக்கு ஒரு கவலை உண்டு. "பட்டணத்துப் பிள்ளைகளிடம் கணினி இருக்கிறது. நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கைத்தொலைபேசி. அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுகிறார். நம் பிள்ளை பின்தங்கிப் போய்விடுமோ?" என்று அவர்கள் எண்ணுகிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, இலங்கையிலும் மலேசியாவிலும் சிக்னல் கிடைக்காத ஊர்களின் பிள்ளைகள் மேட்டிலும் மரத்திலும் ஏறிப் பாடம் பெற முயன்றார்கள். அதை நாம் மறக்க முடியாது.

இன்று, கருவிகளுக்குக் குறைவில்லாத ஓர் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அங்கே என்ன குறை இருக்கிறது, அந்தக் குறையை எப்படித் தீர்க்கிறார்கள் என்று பார்ப்போம். அதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு.

அந்த ஊர் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் உள்ள புக்கிட் பாத்தோக். 'புக்கிட்' என்றால் மலாய் மொழியில் குன்று. ஒரு காலத்தில் அங்கே கருங்கல் வெட்டியெடுத்தார்கள். கல் வெட்டிய பள்ளம் ஒன்றில் நீர் நிரம்பி, இன்று அது அழகான பூங்காவாக இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். 1990ஆம் ஆண்டில் ரயில் நிலையமும் வந்துவிட்டது. அங்குள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கப் பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம்.

சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1950ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது 1973இல் கல்விக் கழகமாயிற்று. 1991 முதல் தேசியக் கல்விக் கழகம் அந்தப் பணியைச் செய்துவருகிறது. அங்கே படிப்பவர்கள் ஏட்டுப் படிப்போடு நிற்பதில்லை. உண்மையான பள்ளிக்குச் சென்று, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் பார்வையில் பாடம் நடத்திப் பழகுகிறார்கள்.

வகுப்பில் கருவிகளைப் பயன்படுத்துவது அந்நாட்டுக்குப் புதிதன்று. 1967ஆம் ஆண்டிலேயே அங்கே பள்ளிகளுக்கான கல்வித் தொலைக்காட்சி தொடங்கிவிட்டது. மலேசியாவில் அது 1972இல் வந்தது. 1997இல் சிங்கப்பூர் அரசு பெரிய திட்டம் ஒன்றை வகுத்தது. இரண்டு மாணவருக்கு ஒரு கணினி, பாட நேரத்தில் 100க்கு 30 பங்கு கணினியின் துணையோடு என்பன அதன் இலக்குகள். 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான இணையக் கற்றல் தளம் ஒன்றும் வந்தது. 2020 ஏப்ரல் 8 முதல் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தபோது அந்தத் தளம் கைகொடுத்தது.

இத்தனை வசதிகளோடு நம் பயிற்சி ஆசிரியை வகுப்புக்குள் நுழைகிறார். அன்றைய பாடம் சந்தை. தேக்கா சந்தையின் வண்ணப் படங்களைப் பெரிய திரையில் காட்டுகிறார். காய்கறிகள் வருகின்றன, பூக்கடை வருகிறது, பின்னணியில் இசையும் ஒலிக்கிறது. பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். பாடம் நன்றாக நடந்தது என்று ஆசிரியை மகிழ்கிறார்.

வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியர் கேட்கிறார்: "படம் பேசியது. நீங்களும் பேசினீர்கள். பிள்ளைகள் எப்போது பேசினார்கள்?"

ஆசிரியையிடம் பதில் இல்லை.

நேயர்களே, அந்தக் கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 20 பிள்ளைகள். பாட நேரம் 30 நிமிடம். ஆசிரியை ஒரு வார்த்தையும் பேசாமல் எல்லா நேரத்தையும் பங்கிட்டுக் கொடுத்தாலும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம்தான். பாதி நேரம் ஆசிரியையும் படமும் எடுத்துக்கொண்டால், மிஞ்சுவது முக்கால் நிமிடம். நீந்தாமல் நீச்சல் வருமா? பேசாமல் பேச்சு வருமா?

அடுத்த வாரம் அவர் முறையை மாற்றுகிறார். பெரிய திரைக்கு வேலை இல்லை. பிள்ளைகள் கையில் உள்ள சிறிய கருவியின் ஒலிப்பதிவு வசதி மட்டும் போதும். சந்தையில் என்ன வாங்குவாய், ஏன் வாங்குவாய் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலைப் பதிவு செய்கிறது. ஒருவர் பின் ஒருவராகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் 20 பேரும் பேசுகிறார்கள். பிறகு தங்கள் குரலைத் தாங்களே கேட்கிறார்கள்.

இங்கேதான் கருவியின் உண்மையான பயன் தெரிகிறது. வாயிலிருந்து வந்த சொல் காற்றோடு போய்விடும். பதிவான சொல் நிற்கும். "நான் பல்லிக்குப் போனேன்" என்று சொன்ன பிள்ளை, அதைத் திரும்பக் கேட்டதும் சிரித்துவிடுகிறது. பள்ளிக்கும் பல்லிக்கும் உள்ள வேறுபாட்டை அதன் காதே கண்டுபிடித்துவிடுகிறது. ஆசிரியை திருத்துவதற்கு முன்பே பிள்ளை தானாகத் திருத்திக்கொண்டு மறுமுறை பதிவு செய்கிறது. கருவி அதேதான். அதைக் கொண்டு யார் உழைக்கிறார்கள் என்பதுதான் மாறியது.

பழைய வானொலியைக் கொண்டும் இதைச் செய்திருக்கிறார்கள். 1970களின் நடுவில் நிக்கராகுவா என்ற சிறிய நாட்டில் வானொலி வழியாகக் கணக்குப் பாடம் நடத்தினார்கள். வானொலி ஒரு கேள்வி கேட்கும்; உடனே சில விநாடிகள் மௌனமாகிவிடும். பிள்ளைகள் உரக்கப் பதில் சொல்வார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். அப்படிக் கற்ற பிள்ளைகள் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள்.

நாமும் ஒருமுறை செய்து பார்ப்போமா? பிள்ளையை அருகில் அழையுங்கள். தம்பி, தங்கச்சி, கவனமாகக் கேளுங்கள். அம்மா காலையில் 9 கிலோ கொழுந்து பறித்தார். மதியம் 7 கிலோ, மாலையில் 6 கிலோ. மொத்தம் எத்தனை கிலோ?

(சிறிது இடைவெளி)

22 கிலோ. சரியாகச் சொன்னீர்களா? அந்தச் சிறிய இடைவெளியில் உழைத்தது வானொலியா, பிள்ளையா?

இனி, புக்கிட் பாத்தோக் வகுப்பில் உள்ள குறைக்கு வருவோம். சிங்கப்பூரில் பிள்ளைகள் மற்றப் பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். தமிழை மட்டும் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசியவர்கள் 100க்கு 3.3 பேர். 2020இல் அது 2.5 பேராகக் குறைந்தது. ஆகவே, பயிற்சி ஆசிரியை பிள்ளையிடம் கருவியைக் கொடுத்துவிடலாம். ஆனால் வீட்டுக்குப் போனபின் தமிழில் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பாரா என்பதுதான் அவருடைய கவலை.

தோட்டத்துத் தாய்மார்களே, உங்கள் வீட்டில் அந்த ஆள் இருக்கிறார். பாட்டி இருக்கிறார், தாத்தா இருக்கிறார். கொழுந்தும் லயமும் பிரட்டும் கங்காணியும் அவர்கள் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. பட்டணத்து ஆசிரியை தேடி அலையும் செல்வம் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே, மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, பிள்ளை வானொலியோ தொலைக்காட்சியோ படக்காட்சியோ எதைக் கேட்டாலும், பார்த்தாலும், முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். உங்களுக்கு விடை தெரிய வேண்டும் என்பதில்லை. "எனக்கு விளங்கவில்லை, நீ சொல்லிக் கொடு" என்று கேட்டாலே போதும்.

இரண்டாவது, அப்பா வேலை முடிந்து வந்தபின் கைத்தொலைபேசியைப் பத்து நிமிடம் பிள்ளையிடம் கொடுங்கள். ஒலிப்பதிவுக்குச் சிக்னல் வேண்டாம், காசும் வேண்டாம். பாட்டி முதன்முதலில் வேலைக்குப் போன நாளைப் பற்றிப் பிள்ளை கேட்டுப் பதிவு செய்யட்டும். பிறகு மீண்டும் கேட்டு, ஐந்து வாக்கியங்கள் எழுதட்டும். கைத்தொலைபேசி இல்லாவிட்டால், கேட்டதை உங்களிடம் வாயால் திருப்பிச் சொல்லட்டும்.

மூன்றாவது, பிள்ளையின் குரலையும் படத்தையும் அறியாதவர்களுக்கு அனுப்ப வேண்டாம். அவை வீட்டுக்கும் ஆசிரியருக்கும் மட்டும்.

பிள்ளைகளுக்கு நல்ல கருவிகளும் சிக்னலும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அவை வரும்வரை படிப்பு காத்திருக்க வேண்டியதில்லை. அவை வந்துசேர்ந்த நாளிலும், அந்த வழிகாட்டி ஆசிரியரின் கேள்வியை மறந்துவிடாதீர்கள்: பிள்ளை எப்போது பேசியது?