நெருப்புக்கு மேலே ஒரு வாளித் தண்ணீர்

சிவகாசிக் கடைகளில் ‘ஹெலிகாப்டர்’ என்றொரு பட்டாசு கிடைக்கும். பற்றவைத்தால் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே மேலே ஏறும். ஏறியபின் எந்தப் பக்கம் சாயும் என்று வைத்தவருக்கே தெரியாது. காட்டுத் தீக்கு மேலே பறக்கும் நிஜ ஹெலிகாப்டரின் பாடும் ஏறக்குறைய இதுதான்.

சிவகாசியில் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே திருவில்லிபுத்தூர் மலை தெரியும். கோடையில் சில ராத்திரிகளில் அதன்மேல் சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்துபோகும். “ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்துனா என்ன?” என்று டீக்கடையில் யாராவது கேட்பார்கள். ஊற்றியிருக்கிறார்கள், குன்னூரில். 2024 மார்ச்சில் விமானப்படையின் எம்.ஐ-17 வி5, ‘பாம்பி பக்கெட்’ என்ற வாளியைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பலமுறை பறந்து 16,000 லிட்டருக்கு மேல் கொட்டியது. பெரிய தண்ணீர் லாரி ஒன்றிரண்டின் அளவு, அவ்வளவுதான்.

ஹெலிகாப்டரின் கையைக் கட்டிப்போடுவது காற்று. விசிறி எவ்வளவு எடை தூக்கும் என்பது காற்றின் அடர்த்தியைப் பொறுத்தது. 15 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் காற்று 8 சதவீதம் லேசாகிவிடும். குன்னூர் உயரத்தில் ஏற்கெனவே ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. மலையும் வெயிலும் தீயும் சேர்ந்தால் என்ஜின் திணறும். வாளியை முழுதாக நிரப்பவும் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, ஹெலிகாப்டர் தானே கிளப்பும் காற்று. 21 மீட்டர் விட்டமுள்ள விசிறி 11 டன்னைத் தாங்கி அந்தரத்தில் நிற்க, காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். கணக்குப் போட்டால், அந்தக் காற்றின் வேகம் விசிறிக்குக் கீழே மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொடும். தாழ்வாக நின்றால் ஊதுகுழலால் அடுப்பை ஊதிய கதைதான். அதனால்தான் நீளக் கயிறு. அதனால்தான் நிற்காமல், ஓடுகிற போக்கிலேயே கொட்டுகிறார்கள்.

விமானிகள் அஞ்சும் இன்னொன்று சுழல் வளையம். மெதுவாக நகர்ந்தபடி வேகமாக இறங்கும் ஹெலிகாப்டர், தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தூக்கும் விசை கூடட்டும் என்று நெம்புகோலை இழுத்தால் இன்னும் வேகமாக விழும். தீக்கு மேலே வெப்பக் காற்று குபுகுபுவென்று எழும்புவதால், ஒரே உயரத்தில் நிற்கும் ஹெலிகாப்டரும் அந்தக் காற்றுக்கு இறங்குகிற ஹெலிகாப்டர்தான்.

இதையெல்லாம் தீக்கு மேலே பறந்து பார்த்தே கற்பது ஆபத்து. முதலில் கணினியில் பழகுவது நல்லது. வெப்பத் தூண், விசிறி, பத்து மீட்டர் கயிற்றில் ஆறு விநாடிக்கு ஒருமுறை ஊசலாடும் வாளி, மூன்றுக்கும் தனித்தனிச் சமன்பாடுகள். அவற்றைச் சேர்த்து ஓட்டுவதுதான் பெரும்பாடு. தீ காற்றைக் கலைக்கிறது, காற்று ஹெலிகாப்டரை ஆட்டுகிறது, ஹெலிகாப்டரின் காற்று மறுபடி தீயைக் கிளறுகிறது. இதில் வாளி திறந்ததும் மூன்றரை டன் சட்டென்று காணாமல் போகும். தானியங்கிக் கட்டுப்பாடு அந்த விநாடியே சுதாரிக்காவிட்டால் இயந்திரம் எகிறிவிடும். தீயை மட்டும் முதலில் கணக்கிட்டு, அதன்மேல் ஹெலிகாப்டரை ஓட்டிப் பார்க்கும் எளிய மாதிரிகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

சூலூர் விமானத் தளத்திலிருந்து நம் மலைக்கு வான்வழியே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தண்ணீருக்கு அடிவாரத்தில் பிளவக்கல் அணை இருக்கிறது, கோடையில் வற்றாமல் இருந்தால். ஆனால் வாளி தூக்கிப் பறப்பது பெரும்பாலும் பகல் வேலை. வெப்பக் காற்று மூர்க்கமாக எழும்பும் நேரமும் அதுதான். ராத்திரியில் மலைக்காற்று கீழ்நோக்கித் திரும்பித் தீ சற்று அடங்கும்போது, பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு வனக்காவலர்கள் ஏறுகிறார்கள்.