எடைக் குறைப்பு ஆபரேஷன்... இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள், ஒன்றிரண்டு மணி நேர வேலை, அன்றைக்கே எழுந்து நடை! ‘பேரியாட்ரிக் சர்ஜரி’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பல வாரங்கள் இருக்கின்றன. பின்னால் ஓர் ஆயுளே இருக்கிறது. ஆபரேஷனின் பலன் நிலைப்பது பெரும்பாலும் அங்கேதான். அப்போது நம் உடம்பு செய்கிற விந்தைகளைக் கேட்டால் அசந்துபோவீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

எடையால் அரியணை இழந்த ராஜாவைத் தெரியுமா?

10-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின். லியோன் நாட்டு அரசன் முதலாம் சாஞ்சோவுக்குப் பட்டப்பெயரே ‘குண்டன்’தான்! உடம்பைக் காரணம் காட்டி 958-இல் பிரபுக்கள் அவனை இறக்கிவிட்டார்கள். பாட்டி டோடா விடவில்லை. பேரனை கோர்டோபாவுக்கு அழைத்துப்போய், கலீபாவின் அவையிலிருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்திடம் ஒப்படைத்தார். அரசனின் உதடுகளைத் தைத்து, 40 நாள் வெறும் நீராகாரம் கொடுத்தார் மருத்துவர் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 960-இல் சாஞ்சோ மறுபடி அரியணை ஏறியது வரலாறு!

அல்சர் நோயாளிகள் காட்டிய வழி!

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் ஒன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு, அதன்பின் எடை ஏறவே சிரமப்படுகிறது! இதையே மருந்தாக்கினால் என்ன? 1966-இல் பிறந்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். இன்று அந்த ஆபரேஷனில் உணவு போய் விழும் இரைப்பைப் பகுதி வெறும் 30 மில்லி அளவுதான். இரண்டு டேபிள்ஸ்பூன்! மேசன் 100 வயது வரை வாழ்ந்து, 2020-இல் மறைந்தார்.

பாதி வேலையே முழுப் பலன் தந்த அதிசயம்!

இன்று உலகில் மிக அதிகமாகச் செய்யப்படுவது ‘ஸ்லீவ்’ ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றி, வாழைப்பழம் போல ஒரு குழலை மட்டும் விட்டுவைப்பார்கள். லிட்டர் கணக்கில் விரியும் இரைப்பை சுமார் 100 முதல் 150 மில்லிக்குள் அடங்கிவிடும். இது தனி ஆபரேஷனாகப் பிறக்கவே இல்லை! மிக அதிக எடையுள்ளவர்களுக்கு ஒரே மூச்சில் பெரிய ஆபரேஷன் செய்வது ஆபத்து என்று, 2000-ஆம் ஆண்டையொட்டி மிஷேல் கான்யே என்ற சர்ஜன் அதை இரண்டு தவணையாகப் பிரித்தார். முதல் தவணை ஸ்லீவ். பலருக்கு அதிலேயே எடை நன்றாக இறங்கியது. இரண்டாம் தவணை தேவைப்படவே இல்லை!

பசியைச் சுரக்கும் இடம் எது தெரியுமா?

1999-இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்ற விஞ்ஞானிகள் இரைப்பையிலிருந்து ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் கிரெலின். மூளைக்குப் போய் ‘பசிக்கிறது’ என்று சொல்வது இதுதான். இது அதிகம் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில். ஸ்லீவ் ஆபரேஷனில் அகற்றப்படுவதும் அதே பகுதி! அதனால்தான் ஆபரேஷன் முடிந்த பலர், ‘சாப்பாட்டு ஞாபகமே வரவில்லை’ என்கிறார்கள்.

இதை ஒரு நிமிடம் யோசியுங்கள். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கிரெலின் ஏறும். உடம்பு இழந்த எடையை மீட்கப் போராடும். ‘வாயைக் கட்டத் தெரியவில்லை’ என்று எத்தனை பேரை நாம் ஏசியிருக்கிறோம்! அவர்கள் போராடியது சோம்பலோடு அல்ல, தங்கள் சொந்த ஹார்மோன்களோடு!

எடைக்கு முன்பே சுகர் இறங்குகிறது!

இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த சிலருக்கு, பைபாஸ் முடிந்த சில நாட்களிலேயே அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அப்போது எடை பெரிதாக இறங்கியிருக்கவே இருக்காது! உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியை வேகமாக எட்டுவதால் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன் பெருகி, இன்சுலினைத் தூண்டுவது ஒரு காரணம். வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க சர்ஜன் 1995-இல் வெளியிட்ட கணக்கில், பைபாஸ் செய்துகொண்ட 146 சர்க்கரை நோயாளிகளில் 121 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்து நிலைத்திருந்தது. தன் வியப்பைக் கட்டுரையின் தலைப்பிலேயே வைத்துவிட்டார் மனிதர்! ஆனால் சுகர் மறுபடி தலைகாட்டலாம். அதனால் பரிசோதனையை மட்டும் விடவே கூடாது.

நமக்கென்று தனி அளவுகோல்!

ஆபரேஷன் யாருக்கு? சர்வதேச சர்ஜன் அமைப்புகள் 2022-இல் விதியைப் புதுப்பித்தன. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. 35-க்கு மேல் இருந்தால், வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கோ 27.5-லிருந்தே யோசிக்கலாம்! ஒரே பி.எம்.ஐ. இருந்தாலும் நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். சர்க்கரை நோயும் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆனால் இந்தியாவில் இன்ஷூரன்ஸ் வேறு கணக்குப் போடுகிறது. பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். அல்லது 35-உடன் கடுமையான துணை நோய்கள் இருக்க வேண்டும். பாலிசியைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்!

ஆபரேஷனுக்கு முன் டயட் எதற்கு தெரியுமா?

‘எப்படியும் ஆபரேஷன்தானே, அதற்கு முன் ஆசை தீரச் சாப்பிடுவோம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்! இரைப்பையின் மேல் படர்ந்து கிடப்பது கல்லீரலின் இடது மடல். பருமனானவர்களுக்கு அதில் கொழுப்பேறி வீங்கியிருக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சர்ஜனுக்கு இரைப்பை கண்ணில் படும். அதனால் 2 முதல் 4 வாரம் வரை மாவுச்சத்தைக் குறைத்து, புரதம் நிறைந்த குறைந்த கலோரி உணவு தருவார்கள். கல்லீரல் சேமித்து வைக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்து குறைந்ததும் கிளைக்கோஜன் கரையும், தண்ணீர் வெளியேறும், கொழுப்பும் குறையும். சில வாரங்களில் கல்லீரல் சுருங்கிவிடுகிறது! சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இந்த டயட்டைத் தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சுகர் தடாலென்று இறங்கிவிடும்.

குறட்டையும் ஒரு பரிசோதனைதான்!

பலமான குறட்டையா? பகலில் தூக்கம் சொக்குகிறதா? மயக்க மருந்து டாக்டர் கட்டாயம் கேட்பார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய், மயக்கம் கொடுக்கும்போது ஆபத்தாகலாம். முன்பே கண்டுபிடித்தால் முகமூடிக் கருவி மாட்டி, இரவெல்லாம் சீரான மூச்சோடு தயாராகலாம். சிகரெட்டைக் குறைந்தது 6 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். புண் ஆறுவதையே அது கெடுக்கும். மூன்று பந்துகளை மூச்சால் உறிஞ்சி மேலே தூக்கும் கருவி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். விளையாட்டுச் சாமான் என்று ஓரம் வைக்காதீர்கள். நுரையீரலின் அடிப்பகுதி வரை காற்று போக அதுதான் பயிற்சி!

வயிற்றில் ஆபரேஷன், தோளில் வலி!

கண் விழித்ததும் பலருக்குத் தோள்பட்டை வலிக்கும். மாரடைப்போ என்று பயந்துபோவார்கள். காரணம் என்ன தெரியுமா? சின்னத் துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபிக்காக வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்புவார்கள். அது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்புகளும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதால், மூளை ஏமாந்து தோளைக் காட்டுகிறது! எழுந்து நடந்தால் ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இரைப்பைக்கு ஸ்டேப்ளர் பின்!

வெட்டிய இரைப்பையை மூடுவது வரிசை வரிசையான டைட்டானியம் பின்கள். முதல் சர்ஜிக்கல் ஸ்டேப்ளர் 1908-இலேயே புடாபெஸ்டில் வந்துவிட்டது. அதைப் பயன்படுத்தியவர் ஹியூமர் ஹூல்ட்ல். இன்றைய பின்கள் உள்ளேயே ஆயுளுக்கும் இருக்கும். அவற்றோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுக்கலாம்!

முதல் மருந்து நடை!

ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்திலேயே எழுப்பி நடக்கச் சொல்வார்கள். கொடுமை அல்ல, காவல்! படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகும் கெண்டைக்கால் வீக்கம், ஓயாத படபடப்பு, காய்ச்சல், மூச்சுத் திணறல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி ஆகிய இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்டேப்ளர் பின் வரிசையில் கசிவு இருந்தால், பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது வேகமாக ஓடும் நாடித் துடிப்புதான்!

தண்ணீர் குடிப்பதே ஒரு முழு நேர வேலை!

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் மடமடவென்று குடிக்க முடியாது, மிடறு மிடறாகத்தான்! முதலில் தெளிந்த சூப், வடிகட்டிய மோர். பிறகு பால், பருப்புத் தண்ணீர். சுமார் 2 வாரம் கழித்து மசித்த பருப்பு, குழைத்த முட்டை. அடுத்து மென்மையான மீன், பனீர். 6 முதல் 8 வாரத்தில் சாதாரணச் சாப்பாடு, அதுவும் அளவாக. புரதமே முதல் வாய். தினம் 60 கிராமாவது வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான் என்றால், எவ்வளவு கவனம் தேவை என்று பாருங்கள்! சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. அரை மணி நேரம் கழித்துத்தான். பைபாஸ் செய்தவர்கள் குலாப் ஜாமூனை வாயில் போட்டால், சிலருக்குக் கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு புரட்டும். இனிப்பு மளமளவென்று குடலுக்குள் சரிவதன் விளைவு!

வருடம் கழித்துத் தாக்கும் வைட்டமின் பஞ்சம்!

பி12 வைட்டமின் உடம்பில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வர வேண்டும். இரைப்பை சிறுத்தால் அந்தத் துணையும் சிறுக்கும். ஆனால் கல்லீரலில் பி12 இருப்பு வருடக்கணக்கில் இருப்பதால், பஞ்சம் உடனே தெரியாது. ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் பின்னால் கை கால் மரத்துப்போய் வருவார்கள்! தயாமின் என்ற பி1 இதற்கு நேர் எதிர். அதன் இருப்பு சில வாரங்கள்தான். ஓயாமல் வாந்தி வந்தால் அது காலியாகி, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடும். அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நேரம்! இன்னொன்று: இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் இரும்புச்சத்தைச் சேரவிடாது.

சட்டென்று இன்னும் சில!

முடி கொட்டும்! மூன்றாவது மாதம் வாக்கில் தொடங்கிச் சில மாதம் நீடிக்கும். வேர் சாகாது, புரதமும் இரும்புச்சத்தும் குறையாவிட்டால் மறுபடி வளரும்.

எடை வேகமாக இறங்கினால் பித்தப்பையில் கல் வரலாம். அதைத் தடுக்கப் பலருக்கு ஆறு மாதம் மாத்திரை தருவார்கள்.

பைபாஸ் செய்தவர்கள் தலைவலி, மூட்டுவலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கிப் போடக்கூடாது. இரைப்பையும் குடலும் இணையும் இடத்தில் புண் வரலாம்.

குழந்தைக்காக ஏங்கியவர்களுக்குக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது! ஆனால் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

கரைந்த கொழுப்பு எங்கே போகிறது தெரியுமா?

வியர்வையில்? மலத்தில்? பெரும்பாலும் இல்லை! 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகிறது. குறைந்த எடையில் பெரும்பகுதியை நீங்கள் மூச்சாக விட்டிருக்கிறீர்கள்!

ஆனால், கொழுப்புச் செல்கள் போவதில்லை!

பனிப்போர்க் கால அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து, ஸ்வீடன் விஞ்ஞானிகள் கொழுப்புச் செல்களின் வயதைக் கணித்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் ஆன பிறகும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை, அவை சுருங்கியிருந்தன, அவ்வளவுதான்! இடம் கொடுத்தால் மறுபடி நிரம்பும். உணவுப் பழக்கமும் உடற்பயிற்சியும் வருடாந்திர ரத்தப் பரிசோதனையும் ஆயுளுக்கும் தொடர வேண்டியது இதனால்தான்.

அப்படித் தொடர்ந்தால்? அதே ஸ்வீடனில் 1987-இல் தொடங்கி, 4,000-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு பதில் சொல்கிறது. 2007-இல் பார்த்தபோது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு இறப்பு அபாயம், செய்துகொள்ளாத பருமனானவர்களைவிடச் சுமார் 29 சதவிகிதம் குறைந்திருந்தது!

இதில் சுற்றியிருக்கும் நமக்கும் பங்கு உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இந்த ஆபரேஷனுக்குத் தயாரானால், ‘குறுக்கு வழி’ என்று சொல்லாதீர்கள். இத்தனை வார டயட்டும் இத்தனை வருட மாத்திரையும் யாருக்கும் குறுக்கு வழி அல்ல. விருந்துக்கு வந்து அரை இட்லியோடு எழுந்துகொண்டால், ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று இலையில் வைக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் ஆன பிறகு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, அவர்கள் மெல்ல மெல்லக் குடித்து முடிக்கும் வரை கூட உட்கார்ந்து பேசுங்கள். அதைவிடச் சிறந்த உபசாரம் அவர்களுக்கு வேறில்லை!